சாகாத இயந்திரம்

ஐந்து ஆண்டுகளைக் கடந்த சலவை இயந்திரம் எதையும் பழுது பார்க்கக் கூடாது; ஆயுள் முடிந்ததென்று அறிவித்துப் புதியதை விற்க வேண்டும். மீறுவோருக்கு வேலை இல்லை. சேவை மையத்துக்கு நிறுவனம் இட்ட கட்டளை அது.

"ஆறு வருஷம் ஆச்சும்மா. டிரம் சுத்தவே மாட்டேங்குது. தூக்கிப் போட்டுட வேண்டியதுதானே?" என்றார் பழைய இயந்திரத்தைக் கொண்டு வந்தவர்.

மெக்கானிக் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தாள். "எதுக்கு சார்? பெல்ட்தான் போயிருக்கு. இப்பவே மாத்திடறேன்."

"ஆயுள் முடிஞ்சுதுன்னு கம்பெனியே சொல்லுதே!"

"கம்பெனி என்ன எமனா சார், நாள் குறிக்க?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். "போன மாசம் வேற சென்டர்ல இதையேதான் சொல்லி, புதுசை என் தலையில கட்டினாங்க!" என்றாள் வரிசையில் நின்ற ஒரு பெண்.

வந்தவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். தலைமை அலுவலகத்தின் சோதனை அதிகாரி!

"இது உனக்கு வச்ச பரீட்சை. தோத்துட்ட. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்."

"பரீட்சைன்னு மூடியைக் கழட்டினப்பவே தெரியும் சார்."

"தெரிஞ்சுமா ரிப்பேர் பண்றேன்னு சொன்னே?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்!"

அறுந்த பெல்ட்டை உருவியெடுத்து, அத்தனை பேரும் காணுமாறு உயர்த்திப் பிடித்தாள். அதில் தேய்மானம் இல்லை, பிசிறும் இல்லை. பிளேடு போட்ட நேர்வெட்டு மட்டுமே இருந்தது.

"ஆறு வருஷமாகியும் தானா சாகாததை, பரீட்சைக்காக நீங்களே கொன்னுதானே சார் கொண்டுவந்திருக்கீங்க!"