பின் பிரேக்கின் அவசரம்

ஒரு பழைய குட்டிக் காரில் முன் பிரேக்கும் பின் பிரேக்கும் இருந்தன. பெடலை மிதித்தால் போதும், பின் பிரேக்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் பாய்ந்து இறுக்கிப் பிடிக்கும். உடனே பின்சக்கரங்கள் சறுக்கி, கார் சுற்றிக்கொண்டு, வந்த வழியையே பார்த்து நிற்கும்.

"பார்த்தியா, நான்தான் நிறுத்தினேன்" என்றது பின் பிரேக்.

"நிறுத்தினே சரி. போற ஊரு இப்ப முதுகுக்குப் பின்னால இருக்கே" என்றது முன் பிரேக்.

காரின் சொந்தக்காரி ஸ்டெல்லா ஸ்பேனரோடு கீழே படுத்தாள். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வை அரைத் திருகு திருகுவாள், காலி மைதானத்தில் ஓட்டிப் பார்ப்பாள், மறுபடி அரைத் திருகு. "நீயும் வா, ஆனா ஒரு நொடி கழிச்சு வா" என்றாள்.

பின் பிரேக்குக்கு ரோஷம். "இனிமே எனக்கு இங்க என்ன மரியாதை?"

மறுநாள் மழையில் மலை இறங்கும்போது, வளைவு தாண்டியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு எருமைகள். ஸ்டெல்லா பெடலை மிதித்தாள். முன் பிரேக் முதலில் பிடித்தது, பின் பிரேக் மெல்லச் சேர்ந்துகொண்டது. கார் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. ஓர் எருமை பானெட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தது.

ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே அந்தச் சரிவிலேயே ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடினாள். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும்.

முன் பிரேக் கீழே பள்ளத்தைப் பார்த்தது. "ஏம்ப்பா, பிடிச்சிருக்கே இல்ல?"

"சத்தம் போடாதே" என்றது பின் பிரேக். "அவ இன்னொரு டீ சொல்றா."