மூணு நேரக் காப்பி

ஒரு வாரமாகச் சிலுவைதாசனுக்கு ஓயாத தலைவலி. மெடிக்கலில் வாங்கிய மாத்திரையைப் போட்டால்தான் அடங்குகிறது. பார்மசி படித்த மகள் பெபிஷா அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல வலி மருந்தோட கஃபீனும் இருக்குப்பா. காப்பில உள்ள அதே பொருள்தான். மருந்தக் கூடுதலா வேல செய்ய வைக்கும். அப்பா, நீங்க காப்பிய விட்டுட்டீங்களா? திடீர்னு விட்டா இப்பிடித்தான் தல வலிக்கும்.”

“நான் எங்க மக்ளே விட்டேன்? மூணு நேரமும் ஒங்கம்மா போட்டுத் தாராளே!”

அடுக்களை வாசலில் நின்ற செசிலி தலையைக் குனிந்துகொண்டாள்.

“நெஞ்சு படபடப்புக்கு டாக்டர் காப்பிய நிறுத்தச் சொன்னாரு. நீங்க கேக்கல்ல. அதான் ஒரு வாரமா காப்பிப்பொடிக்குப் பதிலா பேரீச்சங்கொட்டைய வறுத்துப் பொடிச்சு…”

சிலுவைதாசனுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

“கள்ளி! அப்ப எங்கூட ஒக்காந்து நீ குடிச்சது என்ன?”

“அதேதான். ஒங்களுக்கு இதக் குடுத்திட்டு எனக்கு மட்டும் காப்பி எறங்குமா?”

அவர் சிரிப்பு நின்றுபோனது.

“அப்ப ஒனக்கும் தல வலிச்சிருக்குமே, ஏட்டி?”

செசிலியின் கை தானாக நெற்றிக்குப் போனது. அவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வலை இழுத்துக் காய்ப்பேறிய கைகளால் அவள் நெற்றியை மெல்லப் பிடித்துவிட்டார்.