நோஞ்சான் ரோட்டர்

"இதென்னங்க, இவ்வளவு நோஞ்சானா இருக்குது?"

மேசைமேல் இருந்த சின்ன ரோட்டரை விரல் நுனியால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார் தீர்த்தன். காரிமங்கலம் ரோட்டோரம் இருக்கும் விவசாயிகள் கம்பெனிக்கு அவர்தான் தலைவர். ஓசூரிலிருந்து வேனில் இரண்டு ரோட்டர்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்த விற்பனையாளர் மாதவராஜுக்கு முகம் சுருங்கிப்போனது.

ஜெயராணி மேசையருகே வந்து நின்றாள். கம்பெனியின் லேப் முழுக்க அவள் பொறுப்பு. காய்ப்புழுவைக் கொல்லும் வைரஸ் மருந்து அங்கே தயாராகிறது. அந்த வைரஸ் தாக்கிச் செத்த புழுக்களை அரைத்துக் கரைத்தால் டிரம் டிரம்மாக அழுக்குத் தண்ணீர் வரும், நாற்றம் குடலைப் பிடுங்கும். அதற்குள் மிதக்கிற, கண்ணுக்கே தெரியாத துகள்தான் மருந்து. பாலிலிருந்து க்ரீம் பிரிக்கிற மாதிரிதான் இதுவும். சென்ட்ரிஃப்யூஜ் மிஷின் சுற்றச் சுற்றக் கரைசலை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். துகளெல்லாம் மிஷினுக்குள் சுழலும் கிண்ணமான ரோட்டரின் உள்சுவரில் அப்பிக்கொள்ளும், மிச்சத் தண்ணீர் மறுபக்கம் ஓடிவிடும். மிஷின் வாங்கியாயிற்று. அதற்குள் எந்த ரோட்டரைப் போடுவது என்பதில்தான் இன்றைய பஞ்சாயத்து.

போன வருஷ மருந்தில் பாதித் துகள் தண்ணீரோடு போய்விட்டதால் வீரியமே இல்லை. துவரைக் காயையெல்லாம் புழு சல்லடையாக்கிவிட்டது. சித்தேரிக்காரர்கள் மலையிலிருந்து பாட்டில்களைத் திருப்பிக் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போனார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இந்த வருஷமும் அப்படியானால் லேபை இழுத்து மூட வேண்டியதுதான். அதோடு ஜெயராணியின் வேலையும் போய்விடும்.

"சின்னதுதாங்கய்யா வேகமாச் சுத்தும். துகள் அவ்வளவு சுலபமாத் தப்பாது..." என்று ஆரம்பித்தாள்.

தீர்த்தன் முடிக்கவிடவில்லை. "ஏம்மா, வந்தவருக்கு ஒரு டீ சொல்லலையா? போ, போய்ச் சொல்லிட்டு வா."

அவள் டீ சொல்லிவிட்டுத் திரும்பியபோது, அவர் பெரிய ரோட்டரைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிக்கொண்டிருந்தார். உடம்பு என்ன உடம்பு, மினுமினுப்பு என்ன மினுமினுப்பு என்று ஒரே புகழ்ச்சி. போன வாரம் எதிரில் உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கியபோது, எல்லாம் புரிந்த மாதிரி தலையைத் தலையை ஆட்டிய மனிதரா இவர்?

மாதவராஜ் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி ஓட்டிக் காட்டினார். பெரியது டிரம்மை மடமடவென்று குடித்தது. ஆனால் உள்ளே போன கலங்கல் அப்படியே வெளியே வந்தது. ஜெயராணி ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். மணி மணியாக மிதந்தது, அத்தனையும் மருந்து. சின்னது நிதானமாகத்தான் குடித்தது. வெளியே வந்த தண்ணீரோ வடிகட்டிய டீத்தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

"இது குடிக்கிற லட்சணத்துக்கு ஒரு டிரம் காலியாகறதுக்குள்ள பொங்கலே வந்துரும்," என்றார் தீர்த்தன்.

மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை பாருங்கள் என்று அவள் கெஞ்சாத குறையாகக் கேட்டாள். கண்ணாடியை வூட்லயே வச்சுட்டு வந்துட்டேன் என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மறுபடி வாயைத் திறந்ததும் முறைத்தார். தொட்டியில் தண்ணீர் நிரம்பிவிட்டதா பார்த்துவிட்டு வரும்படி வெளியே விரட்டினார்.

பத்து வருஷம் படித்துக் கிழித்தது டீ சொல்லவும் தொட்டி பார்க்கவும்தானா என்று ஜெயராணிக்குக் கண்ணில் நீர் கட்டியது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

தீர்த்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இந்த நோஞ்சான் நமக்கு வேணாங்க. எடுத்துட்டுப் போயிருங்க. பெரிசை வேணும்னா எறக்கி வெச்சுட்டுப் போங்க."

திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டி எதிர் டீக்கடைக்குப் போய்விட்டார்.

மாதவராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சார் கோவமாப் போறாருங்களே மேடம். சின்னதுக்கு வெலையைக் கொஞ்சம் கொறைக்க முடியுமான்னு ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டுப் பாக்கட்டுங்களா? நீங்க போய் அவரைக் கூட்டிட்டு வந்தா பேசி முடிச்சுரலாம்."

ஜெயராணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தீர்த்தன் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை பேச்சு வாங்கியது போதாதா, இன்னும் போய்க் கையேந்த வேண்டுமா? இனி மருந்து கெட்டால் அது அவர் பாடு.

"வேண்டாங்க சார். தலைவர் சொன்னாச் சொன்னதுதான். பெரிசையே எறக்கிருங்க."

மாதவராஜுக்கு அப்பாடா என்றிருந்தது. கிருஷ்ணகிரியில் ஒருவர் இதே சின்ன ரோட்டரைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம், போகிற வழியிலேயே கொடுத்துவிடலாமாம். அடுத்த சின்ன ரோட்டர் வருவதற்குள் இந்தத் துவரைப் பட்டமே முடிந்துவிடும் என்றார். ஜெயராணி கையெழுத்துப் போட்டாள். மாதவராஜ் போனிலேயே சின்னதைக் கிருஷ்ணகிரிக்காரருக்குப் பேசி முடித்தார். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தது.

துண்டு நழுவ நழுவத் தீர்த்தன் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார்.

"ஏம்மா, வேன் எங்கம்மா போவுது?"

"நீங்க சொன்னபடியே பெரிசை எறக்கிட்டு அனுப்பிச்சுட்டேங்கய்யா."

தீர்த்தன் அப்படியே பெரிய ரோட்டர் வந்த அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போன வாரம் வெளக்கினப்பவே சின்னதுதான்னு முடிவு பண்ணிட்டேனேம்மா. சந்தையில புடிச்ச மாட்டைப் புடிச்சிருக்குதுன்னு எவனாச்சும் வாயைத் தொறந்து சொல்லுவானா? வேணாம்னு எந்திரிச்சுப் போனா, வெலையைக் கொறைச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடியாந்து கூப்புடுவான்னு, ரெண்டாவது டீயும் வாங்கிக் குடிச்சுட்டு அங்கயே உக்காந்திருந்தேன்."