குண்டு விழுந்த இடம்

பொக்லைனின் கை பள்ளத்துக்கு மேலே உயர்ந்து நின்றபோது கிழவர் சைரன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

இன்னும் ரெண்டு வாரு வாரினால் போதும். நீல ஓடுகள் வெளியே வந்துவிடும். ஊர் சிரிக்கும்.

பழைய ராணுவ விமானதளத்தை அருங்காட்சியகமாக மாற்றும் குழுவினர் பள்ளத்தைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் பலகை நட்டிருந்தது. ‘எதிரியின் குண்டு விழுந்த இடம். இத்தளத்தின் ஒரே தியாகி இங்கே உயிர் நீத்தார்.’

தியாகியாம்.

டயர் மெக்கானிக் ஒட்டடை அவன். ஒட்டடைக் குச்சிக்குக் காக்கி மாட்டியது போல இருப்பான். சைரனுக்கு உயிர்த் தோழன். ஆனால் அவன் எதிரியைக் கண்ணால் பார்த்ததில்லை. எதிரியும் அவனைப் பார்த்ததில்லை. பல வருஷத்துக்கு முன் நடந்த அந்தப் போர் முழுக்க எதிரி விமானம் ஒன்றுகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தளத்தின் தீயணைப்பு வண்டியை ஓட்டியவர் சைரன். போர்க்காலத்தில் அவர் அணைத்த ஒரே தீ, அதிகாரிகளின் சமையலறையில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டதுதான்.

குண்டே விழவில்லை என்றால் பள்ளம் எப்படி வந்தது?

கமாண்டர் நீல ஓடு பதித்து நீச்சல்குளம் கட்டினார். ஓடுபாதைக்கு வந்த சிமெண்டில், யாருக்கும் தெரியாமல், தான் ஒருவர் மட்டும் நீந்துவதற்கு. தினமும் காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சிக்கனம் பற்றிப் பேசுவார். ஊருக்குத்தானே உபதேசம்.

விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லியிருந்த ஒரு ராத்திரியில், ஒட்டடை அதிகாரிகளின் சமையலறையிலிருந்து ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் குறுக்கே ஓடினான். அங்கே ஒரு குளம் இருப்பது அவனுக்குத் தெரியாது. குளத்தில் தண்ணீரும் இல்லை.

காலையில் கமாண்டர் பிணத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். குளத்தின் ஓரங்களை உடைத்து, உள்ளே மண்ணைக் கொட்டி, சுற்றிலும் டயர்களைக் கொளுத்தி, குண்டு விழுந்துவிட்டது என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். டயருக்குத் தீ வைக்கும் வேலை தீயணைப்பு வண்டிக்காரர் தலையில் விழுந்தது.

சைரன் இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தது கமாண்டருக்காக அல்ல. அந்த ஆள் எக்கேடு கெட்டால் என்ன. கோழி திருடப் போய்ச் செத்தான் என்ற சொல் ஒட்டடையின் மனைவி காதில் விழக் கூடாது. சைரனுக்கு அவ்வளவுதான் வேண்டும். விஷயம் தெரிந்த மற்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த மனைவிதான் இப்போது முதல் வரிசையில், தலை முழுக்க நரைத்து, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

குழுவின் செயலாளர் அவளுடைய மகள். அப்பா போன பிறகு பிறந்தவள். அவர் முகத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அப்பாவைக் கொன்ற குண்டின் ஒரு துண்டையாவது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று இந்த இயந்திரத்தை வரவழைத்ததும் அவள்தான். சைரனும் தடுத்துப் பார்த்தார். மழை வரும் என்றார். ஓடுபாதை இடியும் என்றார். ஒன்றும் எடுபடவில்லை. பிடிவாதத்தில் அப்படியே ஒட்டடை.

பொக்லைன் ஒரு வாரு வாரியது. மண்தான் வந்தது. செயலாளர் பள்ளத்தின் மறுகரையில் குந்தி உட்கார்ந்து அதை விரலால் கிளறிப் பார்த்தாள். சைரன் அந்த முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இயந்திரத்தின் கை மறுபடியும் உயர்ந்தது.

சைரன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது.

“நிறுத்துங்கப்பா! அன்னிக்கு விழுந்தது ரெண்டு குண்டு. ஒண்ணுதான் வெடிச்சுது. இன்னொண்ணு உள்ளதான் கெடக்கு!”

சும்மாவா சைரன் என்று பெயர் வைத்தார்கள். தளத்தின் மறுகோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

பொக்லைன்காரர் சாவியைக்கூட எடுக்காமல் குதித்தார். உயிரைக் கொடுத்தாவது வரலாற்றைக் காப்போம் என்று சற்று முன்தான் முழங்கியிருந்த குழுத் தலைவர், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினார். செயலாளர் அம்மாவிடம் வரப் பார்த்தாள். ஓடுகிற கூட்டம் அவளையும் தள்ளிக்கொண்டு போனது.

முதல் வரிசையில் ஒருத்தி மட்டும் அசையவில்லை.

காது கேட்கவில்லையோ என்று சைரன் பதறிக்கொண்டு அவளிடம் போனார். அவளும் ஓடினால்தானே சொன்ன பொய் நிற்கும்.

“எந்திரிம்மா தங்கச்சி, ஓடு” என்றார்.

அவள் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். தூரத்தில் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

“உக்காருங்கண்ணே” என்றாள் அவள். “அன்னிக்கு ராத்திரி வேலிக்கு வெளிய நான் நின்னுக்கிட்டிருந்தேன். மசக்கையில, கோழி வேணும்னு கேட்டதே நான்தான். அவர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு.”

மகளைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

“அந்த ரெண்டாவது குண்டு எவ்வளவு பெருசுன்னு இவ கேப்பா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்.”