நசுங்காத எலுமிச்சை

பழசின் குடலை உருவிப் போட்டுவிட்டு, பளபளவென்று பெயிண்ட் அடித்து அதற்குப் பாசம் என்று பேர் வைக்கிற காலம் இது. தான் கருவாட்டு லோடு அடித்த பிக்கப், கொழுத்த டயரும் திறந்த எஞ்சினுமாகச் சிவந்து நிற்பதைப் பார்த்து பேச்சிமுத்து அப்படித்தான் நினைத்தார்.

“ஏறுங்கப்பா. உங்களுக்காகத்தான் செஞ்சேன். பாப்பா காதுகுத்துக்கு இதுலதான் போறோம். தானாவே ஓடும், டிரைவரே வேண்டாம்,” என்றான் மகன் சுடலை.

“மொதல்ல பழத்த நசுக்கச் சொல்லுலே.”

நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி உறுமியது, நகரவில்லை. “பாதையில் தடை உள்ளது,” என்றது.

“எறும்பு மேலகூட ஏறாதுப்பா!”

“பழத்துக்கே பயப்படுத வண்டி, கண்ணேற எங்கலே நசுக்கும்?”

சுடலை பழங்களைத் தானே மிதித்து நசுக்கினான்.

“இப்பம் திருஷ்டி கழிஞ்சது ஒனக்கு. வண்டிக்கு இல்ல.”

பேச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடுரோட்டில் நடந்தார். குடும்பத்தை ஏற்றிக்கொண்ட வண்டி, அவரை முந்தத் துணியாமல் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.