மெர்வ் சமப்படுத்திய சாலை

அறுத்த கோதுமைத் தாள்களின்மேல் சாய்ந்த வெயில் கிடக்கிறது. செம்மண் சாலையில் ஆம்புலன்ஸ் தவழ்ந்து போகிறது. ஓட்டுகிற நோலீன் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள். அழைப்பு வந்தால் சம்பளமில்லாமல் ஓடி வருபவள். சீருடைக் கையில் இன்னும் மாவு ஒட்டியிருக்கிறது. பின்னால் இடுப்பெலும்பு முறிந்து மெர்வ் படுத்திருக்கிறார். பக்கத்தில் ஹேமிஷ், நகரத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த மருத்துவ உதவியாளன். வலி குறைய ஊசி போட்டுவிட்டான். ஆனாலும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மெர்வின் முனகல் நோலீனின் முதுகில் வந்து விழுகிறது. ஓய்வு பெறும்வரை இந்தச் சாலையை இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்தியவர் அவர்தான். “என்ன லட்சணத்துல ரோடு போட்டு வெச்சிருக்கீங்க, மெர்வ்?” என்கிறாள். “நான் இருந்தவரைக்கும் கண்ணாடி மாதிரி இருந்துச்சும்மா. ஓடை வளைவு வருது பாரு, வலப்பக்கம் ஒதுங்கு.” கண்ணை மூடிக்கொண்டே சொல்கிறார். ஒதுங்குகிறாள். “பள்ளம் வருதும்மா, மெதுவா.” மெதுவாக்குகிறாள். “ரொட்டி கருகியிருக்குமே?” “கருகட்டும், உங்களுக்கே அனுப்பறேன்.” சிரிப்புச் சத்தம் கேட்கிறது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நோலீன் சட்டென்று பின்புறம் காட்டும் கண்ணாடியில் பார்க்கிறாள். ஹேமிஷ் உதட்டில் விரல் வைக்கிறான்; மெர்வ் தூங்கிவிட்டார். அவனுடைய இன்னொரு கை மெர்வின் பிடிக்குள் இருக்கிறது. தார்ச்சாலைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. யூகலிப்டஸ் நிழல் விழுந்த இடத்தில் நோலீன் வேகத்தைக் குறைத்து, அவர் சொல்வது போலவே வாய்க்குள் சொல்லிக்கொள்கிறாள்: “பள்ளம் வருதும்மா, மெதுவா.”