போணிக் காசு

"போணி ஆகட்டும்மா. அதுக்கு முன்னாடி கையிலேருந்து காசு வெளிய போகக் கூடாது" என்றார் தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி கருணாகரன்.

வர்ஷினி ஒரு மணி நேரமாகக் காத்திருந்தாள். பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் குழுவுக்கு நிதி கேட்டு வந்திருந்தாள். கம்பெனிகள் ஒரு வருஷம் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. ஆமைகளோ தை பிறந்தால் தவறாமல் கரையேறுகின்றன.

வெளியே நல்ல மழை. கடையில் ஈ காக்கா இல்லை. பொறுமையிழந்து அவளே ஐம்பது ரூபாய்க்கு ஒரு கைக்குட்டை வாங்கினாள்.

நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கருணாகரன், அதையே அவளிடம் நீட்டினார். "இந்தாங்க, உங்க ஆமைக்கு."

என் காசை எனக்கேவா? வர்ஷினிக்குச் சுருக்கென்றது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்கம்மா. இன்னிக்கு அம்பது. முகூர்த்த நாள்ல போணியே அம்பதாயிரம் ஆகும். எங்கப்பா காலத்துலேருந்து தினம் போணிக் காசு எங்க ஊர்க் கோயில் விளக்குக்குப் போச்சு. இப்ப கோயிலுக்குச் சொந்த வருமானம் வந்துருச்சு. இனிமே அது ஆமைக்கு."

"தினமுமா சார்? எத்தனை வருஷத்துக்கு?"

"இப்பக் கடலுக்குப் போற குஞ்சு, முட்டையிடத் திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும்?"

"பதினஞ்சு வருஷமாவது ஆகும் சார்."

கருணாகரன் சிரித்தார்.

"கடை திறந்து அறுபது வருஷமாச்சு. போணி ஆகாம ஒரு நாள்கூடப் பூட்டுனதில்லம்மா."